முப்பது மைக்ரான்

ஐப்பசி மழையில் கோத்தகிரிச் சாலை
ஒரு வளைவை இழந்தது.
மறுநாள் மண் வழித்த ஜேசிபியின் பல்
டங்கென்று நின்ற இடத்தில்
சாம்பல் பாறையை நெட்டுக்குத்தாய் அறுத்துக்கொண்டு
ஒரு கறுப்புப் பட்டை.
இரண்டரை ஆள் அகலம்.

"எரிமலையா மேடம்?" என்றார் ஹாலன்
எஞ்சினை அணைக்காமலேயே.
இல்லை என்று வாயெடுத்தேன்.
எரிமலையாகலாமென்றுதான் கிளம்பியிருக்கும்,
வழியிலேயே ஆறிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் எப்சிபா
விளிம்புத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி
(பாதி கறுப்பு, பாதி சார்னோகைட்)
கார்போரண்டம் பொடியில் தேய்க்கிறாள்,
லைசென்ஸுக்குப் போடும் அதே எட்டு.
முப்பது மைக்ரான்.
அதற்கு மேல் இருட்டு,
கீழே போனால் கல்லே இல்லை.
அளவுகோல் குவார்ட்ஸ்தான்.
"மஞ்சள் போகணும் அக்கா, சாம்பலாகணும்."
அவளும் மூன்று வில்லைகளைத்
தேய்த்தே தொலைத்திருக்கிறாள்.

நடுவில் எடுத்த துண்டில்
பிளஜியோகிளேஸ் நீள நீளமாய்,
கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட லுங்கித் துணி.
இடுக்கெல்லாம் பைராக்சீன்
மத்தாப்பு ஆரஞ்சு, இங்க் நீலம்.
அவசரமில்லாமல் ஆறியவை.
விளிம்பில் ஒரு படிகமும் பிடிபடவில்லை.
அயல்பாறையைத் தொட்ட கணத்தில் உறைந்து
மை கொட்டியதுபோல் கிடக்கிறது.
கோட்டுக்கு அந்தப்புறம் சார்னோகைட்.
அதற்குச் சூடு புதிதல்ல,
இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது.
ஒரு விரலளவு கருகி
மற்றபடி பழையபடி.

மேக்னடைட்டும் இருக்கிறது, பொடிப்பொடியாய்.
ஆறும்போது வடக்கு எதுவோ
அதைப் பார்த்து நின்றவை.
நான் திசைகாட்டி வைத்துக் கீறிய அம்புக்குறி
அவற்றுக்கு வடக்கில்லை.
இந்த நிலம் அன்று எங்கே இருந்ததென்று
எட்டுத் துளை போட்டுக் கேட்டேன்.
ஏழு ஒரே பதில்.
மேட்டில் எடுத்த எட்டாவது மட்டும்
எங்கோ பார்க்கிறது.
மின்னல் விழுந்திருக்கலாம்.
அதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

சனிக்கிழமை போனபோது
வலை போட்டு சிமெண்ட் பீய்ச்சிவிட்டார்கள்.
பட்டை இருந்த இடம் தெரியவில்லை.
ஹாலன் மட்டும் கறுப்பில் ஒன்று, சாம்பலில் ஒன்று
ஒரே பருமனாய்ப் பொறுக்கி வைத்திருந்தார்.
இரு கைகளையும் ஏற்றி இறக்கி,
கண்ணை மூடி,
"கறுப்புதான் கொஞ்சம் கனம்."

சரிதான்.
எங்கள் கட்டடத்தில் தராசு இருக்கிறது.
ஜூன் மாதத்திலிருந்து
அது பூச்சியத்துக்கு வருவதில்லை.