பதினோரு நிமிடம்

ஷுவைக் கிடங்கில்
கணினி கண்விழிக்கப் பதினோரு நிமிடம்.
அதற்குள் இஸ்மத் பாய்
ஒரு சுலைமானி குடித்துவிடுவார்.

ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன்.
முதலில் ஒரு நகல்;
கை தவறினால் பெட்டி எழாது.
தொடக்க வரிசையில்
செத்துப்போன ஆன்டிவைரஸ்,
எப்போதோ விற்ற பிரிண்டர்,
யாரும் கேட்காத டூல்பார்.
அழித்தேன், அழித்தேன், அழித்தேன்.

கடைசி வரி ஓர் எக்ஸெல் தாள்.
தினமும் தானே திறந்து
தினாரை ரூபாயாக்கிக் காட்டும்படி
செல்லப்பாண்டி எழுதிவைத்தது.
அவர் கேன்சலில் போய் நாலு வருஷம்.

விரல் டெலீட்டில்.
"அத மட்டும் விடுங்க."
"ரேட்டு பழசு பாய்."
"பழசுதான் வேணும்.
கம்மியாக் கணக்குப் போட்டுக்கிட்டா
அனுப்புற அன்னைக்குக் கொஞ்சம் கூடும்ல."

மறுபடி ஏற்றினேன்.
நாற்பது நொடி,
அதில் பத்து அந்தத் தாளுக்கு.
பாதிக் கோப்பை சுலைமானி
இன்னும் ஆவி பறக்க.