மூடுபனி நீங்கலாக

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்
கட்டபெட்டில் எதுவும் தெரியாது.
அதனால்தான் போஜன் என்னைக்
காலை ஒன்பதுக்கே வரச் சொன்னார்.
"பாருங்க மேடம், வியூ!"
ஒன்றரை சென்ட், ஓர் ஒற்றை வீடு,
ஜன்னல் நிறைய இனாமாய்ப் பள்ளத்தாக்கு.
பதினான்கு லட்சம்.

நான் ரத்தம் எடுப்பவள்.
பதினாறு வருட லேப் வேலையில்
உறுதியாய்க் கற்றது ஒன்றுதான்:
முகத்தைப் பார்த்து நோய் சொல்லக் கூடாது.
வியூ என்பது முகம்.

அடுத்த முறை மூன்று மணிக்குப் போனேன், சொல்லாமல்.
அதற்கடுத்து ஐப்பசி அடைமழையில்.
பின்சுவரில் உள்ளங்கையை வைத்தேன்
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
சில்லென்றிருந்தது. சுண்ணாம்பு கையோடு வந்தது.
மேல்சரிவில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக்
கேரட் போட்டிருந்தார்கள்;
மண் பழுப்பாய்ப் பாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"பாதை பன்னிரண்டடி" என்றார் போஜன்.
டேப்பின் ஒரு முனையை அவரிடமே கொடுத்தேன்.
ஏழடி நாலங்குலம்.
"பேப்பர்ல பன்னிரண்டு இருக்கு மேடம்."
"அப்ப லாரியும் பேப்பர்லயே வரட்டும்."
இருவரும் சிரித்தோம்.
விலை சிரிக்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு
முப்பது வருட வில்லங்கம் எடுத்தேன்.
வில்லங்கத்தை விலை கொடுத்து வாங்கியது
எங்கள் வீட்டில் நான்தான் முதல்.
அப்பாவுக்கு அது இலவசமாய்க் கிடைத்தது:
தலைமன்னாரில் கப்பலேறும்போது ஓர் அட்டை,
ராமேஸ்வரத்தில் இறங்கியதும் இன்னொன்று.
பிறகு இங்கே லைன் வீடு.
கதவுக்கு எண் இருந்தது,
கதவு கம்பெனியுடையது.

சான்றின் இரண்டாம் பக்கத்தில்
கூட்டுறவு சங்கத்துக்கு ஓர் அடமானம்.
மீட்டதாய் எங்கும் இல்லை.
கேட்டேன். தேடினார்கள்.
பன்னிரண்டாம் நாள் ரசீது வந்தது
மடிப்பில் கிழிந்து, ஆனால் உண்மையாய்.
சங்கத்துக்கே போய்ப் பேரேட்டைப் பார்த்துவிட்டுத்தான்
அந்த 'உண்மையாய்' என்ற சொல்லை எழுதுகிறேன்.

மூலப்பத்திரத்தின் தமிழ் எனக்குப் பிடித்துவிட்டது.
'கிழக்கே ஹாலன் தோட்டம், தெற்கே பாதை,
வடக்கே தடுப்புச் சுவர், மேற்கே ஓடை,
இந்நான்கெல்லைக்குட்பட்ட...'
ஓடையைப் போய்ப் பார்த்தேன்.
அது பத்திரம் படிக்கவில்லை;
ஆறடி உள்ளே வந்திருந்தது.
'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்ற வரியில்
மகள் தர்ஷிகா விரல் வைத்து
"இதுல நான் எங்கம்மா?" என்றாள்.
எழுதுபவரைக் கேட்டேன். சேர்க்கலாமாம்.
தனிக் கட்டணம் இல்லையாம்.

ராத்திரி, கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்கு.
வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு.
பன்னிரண்டால் பெருக்காதே, பதினொன்றால் பெருக்கு;
காலியாய்க் கிடக்கும் மாதம் ஒன்று எப்போதும் உண்டு.
அறுபதாயிரத்து ஐந்நூறு.
பாசி சுரண்டி வெள்ளையடிக்க ஆறாயிரம்,
வரி ஆயிரத்தைந்நூறு, போக
ஐம்பத்து மூவாயிரம்.
அதே பணம் போஸ்ட் ஆபீசில் சும்மா படுத்திருந்தால்
தொண்ணூற்றெட்டாயிரம் தரும்,
கூரையும் ஒழுகாது.

நடுவில் நாற்பத்தைந்தாயிரம் துண்டு விழுந்தது.
அதற்கு என்ன பெயர் என்று வெகுநேரம் யோசித்தேன்.
விலை ஏறும் என்பார் போஜன்,
அது அவருடைய கணக்கு.
கடைசியில் 'ஆசை' என்று எழுதினேன்,
செலவுப் பக்கத்தில்.
எழுதியதும் அதைப் பார்க்க முடிந்தது
கண்ணாடிச் சில்லில் வைத்த துளிபோல்,
அதன் ஓரங்களோடு.

மறுநாள் போன் செய்தேன்.
ஓடை தின்ற ஆறடி நீங்கலாக,
லாரி வராத நாலடி எட்டங்குலம் நீங்கலாக,
காலை ஒன்பது மணி நீங்கலாக,
பதினொன்றரை.

மறுமுனையில் ஜீப்பின் வைப்பர் மட்டும்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.
"ஓனரைக் கேட்டுச் சொல்றேன் மேடம்."

இன்றோடு எட்டு நாள்.
நானாகக் கூப்பிடக் கூடாது.
நாற்பத்திரண்டு குழாய்களுக்குப் பெயர் ஒட்டினேன்,
ஒருவருக்கும் முடிவை முன்கூட்டிச் சொல்லவில்லை.
கைதான் அவ்வப்போது
போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு வருகிறது.