மூன்றாம் வாங்கு

ஓய்வு பெற்ற முதல் ஞாயிறு
அப்பாவுக்கு எங்கே இருப்பதென்று தெரியவில்லை.
முப்பத்தாறு வருஷம் பீடத்திலிருந்து பார்த்த கோயில்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அம்மா தள்ளி இடம் விட்டா.
பெண்கள் பக்கம், மூன்றாம் வாங்கு.
கால் ஆடும் அந்த ஓரம் அவவுக்குப் பழக்கம்.
ஆரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மிஷன் வீடுகளில்
ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை அவர்.
"சபையின்ரை சுவர், ஞானம்."
கலியாணப் படம் இன்னும் அலுமாரிக்குப் பின்னால்.
சண்டிலிப்பாயில் வாடகை வீட்டுக்காரரும்
ஆணி வேண்டாமென்று சொன்னபோது
அம்மா சிரித்த சிரிப்பு
அடங்க இரண்டு நாள் பிடித்தது.

புது ஐயர் இளம்பிள்ளை.
பிரசங்கம் பதினெட்டே நிமிஷம்.
அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார்,
பிறகு அம்மாவை.
"என்ரை பிரசங்கத்துக்கும் இப்பிடித்தான் கண்ணை மூடுவீரோ?"
"இல்லை. முழிச்சிருந்து
மீன்காரன்ரை கடனை யோசிப்பன்."

அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களில்
பாதிப்பேர் ஸ்காபரோவில்.
மீதியில் கனபேரை
அவரே அடக்கம் செய்தவர்.
அண்ணா
இரண்டு கணக்கிலும் இல்லை.
மன்றாட்டு வேளையில் அந்தப் பெயர் வருமென்று
இருவரும் ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள்.
புது ஐயருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆசீர்வாதம் கூறுகையில்
அப்பாவின் வலக்கை தானாய் உயர்ந்தது.
சபை முழுக்கக் கண்டது.
அம்மா அந்தக் கைக்குள்
குடையை வைத்தா.

"வெளியிலை நல்ல வெயில்," என்றா.