மூன்று புள்ளி

ரோஸ்ஹில் சந்தை வாசலில்
டால்பூரி ஒற்றையாகக் கேட்டால் சிரிப்பார்கள்.
ஜோடிதான்.
மேற்கோள் குறியும் அப்படியே,
திறந்தால் மூட வேண்டும்.
இது எனக்குப் பிடிபட
மோக்கா கல்லூரியில் மூன்று வருடம் ஆயிற்று.

நாற்பத்திரண்டாம் பக்கம்.
முன்னே ஒரு சொல் இல்லை, பின்னே ஒரு சொல் இல்லை.
பத்தியின் நடுவில் விழுந்து கிடந்தது
ஜோஸ்லின் மாரிமூத்தூவின் வாக்கியம்,
பஸ் நிற்குமுன் இறக்கிவிடப்பட்டவள் மாதிரி.
ஓரத்தில் பென்சில் எழுத்து: யார் இது?

எழுதினேன்:
வாக்குவா ஆலையில் பதினெட்டு வருடம்
சட்டைக் காலர் தைத்த ஜோஸ்லின் மாரிமூத்தூ
(அடையாள அட்டையில் உள்ளபடி,
தப்பான நெடில் இரண்டையும் திருத்தாமல்)
சொல்கிறார்,
பிறகு ஒரு காற்புள்ளி.
அந்தக் காற்புள்ளி அளவு இடத்தில்
ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் முக்காற்புள்ளியால்
முன்கதவைத் திறப்பார்கள்.
நமக்குக் கதவு கொல்லைப்புறம்: என்று.
எல்லாம் சொல்லி முடிந்தபின் வந்து
தாழ் போடுகிற மூன்றெழுத்து.
குறிகள் பிறக்காத காலத்து ஓலையில்
அது ஒன்றே காவல் நின்றது.
ஆளைச் சொல்ல மனமில்லாதவர்கள்
‘என்ப’ என எழுதி நழுவினார்கள்.
எனக்கு அந்த வசதி இல்லை.
பெயர் கேட்கிறார்கள், தேதி கேட்கிறார்கள்,
ஒலிப்பதிவில் எத்தனையாவது நிமிடம் என்று கேட்கிறார்கள்.

அவர் பேசியது கிரியோல்.
மொழிபெயர்ப்பு என்னுடையது, அடிக்குறிப்பு ஏழு.
‘அது’ என்று அவர் சொன்ன இடத்தில்
சதுர அடைப்புக்குள் [தையல் இயந்திரம்].
அதுவரை எல்லாம் ஒழுங்கு.

“சம்பளம் நல்லதுதான் ...”

இந்தப் புள்ளிகளை வைத்தது நான்.
என் மூன்றாம் இயலுக்கு
நல்ல சம்பளம் தேவைப்பட்டது.

சனிக்கிழமை, வரிசையில் எனக்கு முன்னால் எட்டுப் பேர்.
ஆலை மூடியபின் ஜோஸ்லினுக்கு இங்கேதான் வேலை.
மொச்சைக் கறி தடவி, மிளகாய் போடவா என்று கேட்டு,
காகிதத்தில் சுருட்டித் தருகிறார்.
பக்கத்தை நீட்டினேன்.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவருக்கு.
“இதில் நான் எங்கே?”
காட்டினேன்.
குறியிலிருந்து குறிவரை விரலால் அளந்தார்.
எண்ணெய்த் தடம் ஓடியது.
“அப்புறம் இந்தப் புள்ளிகள்?”
“அங்கே கொஞ்சம் விட்டிருக்கிறேன்.”
“எவ்வளவு?”

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஒலிப்பதிவை மறுபடி போட்டேன்.
முப்பத்தொன்றாம் நிமிடம்.
அவருக்கு இருமல், அதற்குப் பிறகு ‘ஆனால்’.
நான்கு வரியைத் தாண்டினால்
உள்தள்ளி எழுத வேண்டும், குறி வேண்டாம் என்பது விதி.
தள்ளினேன்:

        சம்பளம் நல்லதுதான்,
        ஆனால் கழிப்பறைக்குப் போக ஒரு தகடு.
        நாற்பது பேருக்கு ஒரே தகடு.
        அது கைமாறி வருகிறவரை
        அடக்கிக்கொண்டு தைப்போம்.
        அந்தக் காலர்களைப் பார், தையல் நேராக இருக்கும்.
        எங்களுக்கு அசையவே பயம்

என்று.

பக்கம் நாற்பத்துமூன்றுக்கு வழிந்துவிட்டது.
மூன்றாம் இயல் இனி நிற்காது.
ஒப்படைக்க நான்கு நாள் இருக்கிறது.
டால்பூரி ஆறிப்போயிருந்தது, தின்றேன்.