பெரிசும் சின்னனும்

குருநகர் முன்பள்ளியில் இன்றைக்குப் பாடம்
பெரிசு, சின்னன்.
நீலப் பேசினில் பெரிசு,
மஞ்சளில் சின்னன் என்றேன்.

சட்டைத் தெறி, சோடா மூடி, சிரட்டை,
காது போன கோப்பை
எல்லாம் ஒழுங்காய்த்தான் போய்ச் சேர்ந்தன.
றொசான் மட்டும்
வலையில் கட்டும் ஈயக்குண்டை
நீலத்தில் போட்டான்,
அவன் முட்டி அளவு மிதப்பை மஞ்சளில்.

"மாறிப் போச்சடா."
"இல்லை ரீச்சர், இதுதான் பெரிசு.
கையில வைச்சுப் பாருங்கோ."

வைத்தேன்.
உள்ளங்கை கொஞ்சம் தாழ்ந்தது.

"வாளியில தண்ணி எடுங்கோ!"
ஜெனிற்றா கத்தினாள்.
அதற்குப் பிறகு பாடம் என் கையில் இல்லை.
சிரட்டை கப்பலாச்சு.
சோடா மூடி மிதந்து, ஆடி,
ஒரு பக்கம் தண்ணி குடித்துத் தாழ்ந்தது;
அது எந்தப் பேசின் என்று அடிபிடி.
ஆரோ என் செருப்பையும் போட்டார்கள்.
மிதந்தது.

மாதப் படிவத்தில் ஒரு கட்டம்:
'பருமனைச் சரியாக ஒப்பிட்டோர் தொகை.'
பேனையைத் திறந்தபடி இருக்கிறேன்,
ஒரு கால் ஈரம்.

வாசலில் றொசானின் தகப்பன்,
சாரத்தை மடித்துக் கட்டியபடி:
"வலைக்குண்டு ஒண்டு குறையுது ரீச்சர்,
இஞ்சை வந்ததோ?"