வெற்றுப் பக்கம்

பக்கத்துக்கு எழுபது பைசா.
வெற்றுப் பக்கம் கணக்கில் சேராது,
ஆனால் அதையும் ஸ்கேன் செய்தாக வேண்டும்.
சேர்ந்த அன்றே இருதயராஜ் சார் சொல்லிவிட்டார்.

தரமணி ரோட்டில் தார் இளகும் மதியத்தில்
உள்ளே இருபத்திரண்டு டிகிரி,
காகிதங்களுக்காக. எனக்கு ஒரு சால்வை.
பேனா கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது,
இப்போது கையுறையும் கூடாதாம்:
எந்தத் தாள் பொடியும் என்று
வெறும் விரலுக்குத்தான் தெரியும்.

பெரிய மனிதர்களின் கடிதங்கள்
பக்கத்து மேசைக்குப் போகும். அகிலாண்டம் நிரந்தர ஊழியர்.
எனக்கு வருவது
'மழை பெய்தால் ஆட்டம் மறுநாள்' என்ற நாடக நோட்டீஸ்,
கூந்தல் தைலம் விற்றவனின் விலைப்பட்டியல்,
டிராம் டிக்கெட் ஒட்டிய பள்ளிக்கூட நோட்டு,
யாரோ இறந்ததற்கு யாரோ அச்சடித்த இரங்கற்பா,
எண்சீர் விருத்தம், நான்கு எழுத்துப்பிழை.
மூர் மார்க்கெட்டில் எடைக்கு விழுந்து
அது எரிவதற்குள் யாரோ வாங்கிப் போட்டதால்
மிஞ்சிய பெட்டிகள்.

ஒரு பஞ்சாங்கத்தில் ராமபாணப்பூச்சி
முன்னட்டையில் புகுந்து பின்னட்டையில் வெளியேறியிருந்தது.
இந்தக் கட்டடத்தில்
ஒரு பக்கம்கூட விடாமல் படித்து முடித்த ஆள்
அது ஒன்றுதான்.

போன செவ்வாய், பெட்டி 118.
சணல் கயிறு, வசம்பு வாசனை.
கொசப்பேட்டை வாலிபர் வாசகசாலை, இரவல் பதிவேடு.
வாலிபர்கள் எடுத்தது துப்பறியும் கதை, துப்பறியும் கதை,
ஒருவன் மட்டும் பகவத்கீதை
(இரண்டே நாளில் திருப்பியிருக்கிறான்),
துப்பறியும் கதை.
நடுவில் வேறு மையில்:
மு. தையல்நாயகி, அண்ணன் கையொப்பத்துடன்.
நூல்: மின்சார விளக்குப் பொருத்தும் முறை.
இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே பெயர், அதே நூல்.
மறுபடி.
ஏழாவது தடவை
கையொப்பம் அண்ணனுடையது இல்லை.

கடைசிப் பதிவு, விஷு வருஷம் பங்குனி 27.
'நூல் வரவில்லை. ஆள் அனுப்பினோம்.
வீடு பூட்டு. தெருவே பூட்டு.'
குண்டு விழும் என்று பட்டணம் காலியான வாரம்.
விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்ன ராத்திரிகளில்
எந்த ஊர் ரயிலில் ஏறினாளோ,
இடுப்பில் பிள்ளையோ, துணிமூட்டையோ,
அந்தப் புத்தகமோ.

டீ இடைவேளையில் கணக்குப் போட்டேன்.
தாமதத்துக்கு நாளுக்குக் காலணா.
எண்பத்து மூன்று வருஷம்.
நானூற்று எழுபத்து மூன்று ரூபாய்ச் சொச்சம்.
என் ஒரு நாள் கூலிக்குக் கொஞ்சம் குறைவு.

அதற்குப் பிறகு பதிவேட்டில் அறுபது பக்கம் வெறுமை.
காசில்லாத அறுபது.
உண்மையைச் சொன்னால் எரிச்சலோடுதான் புரட்டினேன்.
நாற்பத்து நாலில் விரல் நின்றது.
மூலையில் பென்சில்:
இரண்டு கோடு, ஒரு சுவிட்ச், ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் சுருண்ட இழை.
ஒரு கோட்டை அழித்துத் திருத்தியிருக்கிறது ஒரு கை.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
மேசையின் நிறம் தெரிகிறது.

அவளுடையது என்பதற்கு ஆதாரம் இல்லை.
தெரு திரும்பிய பிறகு
சும்மா உட்கார்ந்திருந்த எந்த வாலிபனும்
கிறுக்கியிருக்கலாம்.

ஸ்கேன் செய்தேன். திரையில் வெள்ளை.
வெளிச்சத்தைக் குறைத்தேன். வெள்ளை.
அவ்வளவு லேசான பென்சில்.
மென்பொருள் தானே எழுதிக்கொண்டது: வெற்று.

சாரைக் கூப்பிட்டேன்.
பக்கத்துக்குப் பணம் கேட்கிறேன் என்று நினைத்தார் போல,
முகத்தை இறுக்கிக்கொண்டே வந்தார்.
குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னொரு தடவை குனிந்தார்.

'முதலில் போட்டது பியூஸ் போயிருக்கும்,' என்றார்.
'திருத்தினது எரியும்.'