நிறுத்தச் சொற்கள்

ஐந்து ரோடு அலுவலகத்தில் ராத்திரி
நானும் ஒரு கருப்புத் திரையும்.
வெள்ளைக்கல் சுரங்கக் கம்பெனியின்
நாற்பது வருடக் காகிதம் அத்தனையும்
இதற்குள் இருக்கிறது.
தேடினால் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம்.

பொத்தான்கள் வைத்த பக்கமும் உண்டு,
அது மேலாளருக்குக் காட்ட.
எனக்கு ஸ்கிரிப்ட் போதும்:
நிறுத்து. கிளப்பு. நிலை சொல்.
அட்டவணையை முதலிலிருந்து கட்டு.
ஒரு வரி தட்டினால்
ஆறு சர்வர்கள் பேசாமல் எழுந்து நிற்கும்.

சாயங்காலம் தௌலத் பேகம் அனுப்பிய புகார்:
'பி.எஃப். பாக்கி. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.
பெயர் போட்டால் பூஜ்யம் என்கிறது.'
பெயர்: வேண்டாம்.
தகப்பன் பெயர் சடையன், வெள்ளக்கல்பட்டி.

நாலாவதோ ஐந்தாவதோ பெண்ணாகப் பிறந்திருப்பார்.

பதிவுகளைக் குடைந்தேன்.
சர்வர் நலம். அனுமதிகள் சரி.
கோப்பு உள்ளேதான் இருக்கிறது,
பெயரைத்தான் வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள்.
பட்டியலைத் திறந்தேன்:
ஒரு, இந்த, என்று, ஆனால்,
வேண்டும், வேண்டாம், போதும்...
தேடலுக்கு உதவாத சொற்கள்.
எழுதியது நான்தான்.
மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம்,
தட்டுவடை செட் தின்றுகொண்டே.

ஒரு வரியை நீக்கி
மறுபடி கட்டச் சொன்னேன்.
சதவீதம் ஏறியது, ஏற்காடு பஸ் மாதிரி,
ஊசி வளைவுக்கு ஊசி வளைவு மூச்சு வாங்கி.
இரண்டரைக்கு முடிந்தது.

தேடினேன்.
ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு.
வெடி வைக்கும்போது அருகில் வர வேண்டாம்.
சுவரில் துப்ப வேண்டாம்.
முன்பணம் கேட்டு வர வேண்டாம்.
நாற்பத்து மூன்றாவதாக அவர்:
சூளைப் பிரிவு, நாள்கூலி, டோக்கன் எண் 611.

பெயர்க் கட்டத்துக்கு எடை கூட்ட
இன்னொரு கட்டளை. பத்து மடங்கு.
இப்போது முதலில் வந்தார்.
பின்னாலேயே இன்னும் மூன்று வேண்டாம்கள்,
வேறு வேறு தகப்பன்கள்.
அவர்களைக் கேட்டு யாரும் வரவில்லை இன்னும்.

பழைய அட்டவணையை வைத்திருக்கவா என்றது ஸ்கிரிப்ட்.
ஆம் என்று தட்டினேன். பயம்தான்.

காலை பத்தே காலுக்கு தௌலத்:
'கோப்பு கிடைத்துவிட்டது சார். ஆனால் பாஸ்புக்கில்
வேண்டா என்று இருக்கிறது.
ரெண்டும் ஒரே ஆள்தான் என்று
உங்கள் மெஷினுக்குத் தெரியுமா?'

தெரியாது.
இணைச்சொல் கோப்பைத் திறந்தேன்.